போருக்கு யார் கையெழுத்து போடுவது? டோங்கின் வளைகுடா முதல் ஒரு நீண்ட இழை

1/
இன்னிக்கு மருத்துவம் இல்லை, வரலாறு. கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டு உக்காருங்க.

கேள்வி இதுதான். ஒரு நாடு போருக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது யார்? அதிபர் ஒருத்தரா, இல்ல மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பின சபையா?

சட்டப் புத்தகத்தில் இதுக்கு ஒரு பதில் இருக்கும். நடைமுறையில் வேறொரு பதில் இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் என்ன நடக்குதுன்னு அமெரிக்காவின் கதையை வச்சுப் பார்க்கலாம். அங்கே வாக்கு எண்ணிக்கை எல்லாம் பதிவில் இருக்கு. யார் எந்தப் பக்கம் கை தூக்கினாங்கன்னு ஒளிக்க முடியாது.

2/
முதலில் அடிப்படை.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு, போர்ப் பிரகடனம் செய்யும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்குக் கொடுக்கிறது. (நம்ம ஊர் கட்சி இல்லைங்க, அவங்க நாடாளுமன்றத்தின் பெயர். அதில் 100 பேர் கொண்ட செனட், 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபைன்னு ரெண்டு அவைகள்.) இரண்டாவது பிரிவு, அதிபரை ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆக்குகிறது.

அதாவது போகலாமா என்று சொல்வது சபை. போன பிறகு நடத்துவது அதிபர்.

காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர்ப் பிரகடனம் செய்தது 1942-ல். கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், ஈராக் எதுவுமே பிரகடனம் செய்யப்பட்ட போர் இல்லை. இது எப்படி சாத்தியம்? அங்கதான் கதை ஆரம்பிக்குது.

3/
1964 ஆகஸ்ட் 2. வியட்நாமின் வடகிழக்கே டோங்கின் வளைகுடா. அமெரிக்கப் போர்க்கப்பல் மேடாக்ஸை வடக்கு வியட்நாமின் டார்பிடோ படகுகள் தாக்கின. இது உண்மையாகவே நடந்தது. அமெரிக்கத் தரப்பில் உயிர்ச்சேதம் இல்லை.

ஆனால் மக்களிடம் சொல்லப்படாத ஒரு விஷயம் இருந்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான், அமெரிக்கா திட்டமிட்டு ஆதரவு கொடுத்த தெற்கு வியட்நாம் கமாண்டோ படகுகள் வடக்கின் தீவுகளைத் தாக்கியிருந்தன. மேடாக்ஸ் அந்தப் பக்கம் உளவுத் தகவல் சேகரிக்கப் போயிருந்தது.

கேஸ் ஷீட்டில் "திடீரென வலி" என்று மட்டும் எழுதி, முந்தின நாள் நடந்ததை எழுதாமல் விட்ட மாதிரி.

4/
ஆகஸ்ட் 4 இரவு. மேடாக்ஸும் டர்னர் ஜாய் என்ற இன்னொரு கப்பலும் வளைகுடாவில் இருந்தன. மோசமான வானிலை, கும்மிருட்டு. சோனார் ஆபரேட்டர்கள் டார்பிடோ வருது, டார்பிடோ வருதுன்னு சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட டார்பிடோக்கள் வந்ததாகப் பதிவானது. ரெண்டு கப்பலும் இருட்டை நோக்கிச் சுட்டுத் தள்ளின.

சில மணி நேரத்தில், அங்கே பொறுப்பில் இருந்த கேப்டன் ஜான் ஹெரிக் மேலிடத்துக்குத் தகவல் அனுப்பினார். வானிலையால் ரேடார் குழம்பியிருக்கலாம், சோனார்காரர்கள் ஆர்வக்கோளாறில் தப்பாகக் கேட்டிருக்கலாம், மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கும் முன் முழுசா சரிபாருங்கள் என்பது அதன் சாரம்.

5/
மருத்துவர்களுக்கு இந்த இடம் நல்லா புரியும்.

ஐசியூவில் மானிட்டர் அலறும். திரையில் உயிரைப் பறிக்கிற மாதிரி கோடு ஓடும். ஓடிப்போய்ப் பார்த்தா பேஷண்ட் உக்காந்து பல் தேய்ச்சுக்கிட்டு இருப்பார். கை ஆட்டத்தை மெஷின் இதயத் துடிப்பா எடுத்துக்கிச்சு. அதனாலதான் ஹவுஸ் சர்ஜனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம்: மானிட்டரைப் பார்த்து ஷாக் கொடுக்காதே, ஆளைத் தொட்டுப் பாரு.

அன்று இரவு ஆளைத் தொட்டுப் பார்த்த ஒருத்தர் உண்டு. கப்பல்களுக்கு மேலே போர் விமானத்தில் பறந்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஸ்டாக்டேல். தன் கண்ணில் எதிரிப் படகு ஒன்றுகூடப் படவில்லை என்று பின்னாளில் எழுதினார். மறுநாளே பழிவாங்கும் தாக்குதலுக்கும் அவரைத்தான் அனுப்பினார்கள்.

6/
ஹெரிக் சரிபார்க்கச் சொன்னார். வாஷிங்டனில் அதற்கு நேரமில்லை. அதிபர் லிண்டன் ஜான்சன் ஆகஸ்ட் 4 நள்ளிரவுக்குச் சற்று முன் தொலைக்காட்சியில் தோன்றி, பதிலடி தொடங்கிவிட்டதாக அறிவித்தார்.

அந்தப் பதிலடியில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகளில் ஒருவர் எவரெட் ஆல்வரெஸ். பிடிபட்டவர் வீடு திரும்பியது 1973-ல். எட்டு வருஷத்துக்கும் மேல் சிறை.

இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பதில் இன்று வரலாற்றாசிரியர்களிடையே பெரிய சண்டை இல்லை. 1995-ல் ஹனோய் போன முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாராவிடம், அன்று ஒன்றும் நடக்கவில்லை என்று வியட்நாமின் தளபதி ஜியாப் நேரிலேயே சொன்னார். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை தன் சொந்த வரலாற்றாசிரியரின் ஆய்வை 2005-ல் வெளியிட்டது. ஒட்டுக்கேட்ட தகவல்கள் தவறாகக் கையாளப்பட்டன, தாக்குதல் நடக்கவில்லை என்று காட்டிய தகவல்கள் மேலே போகவில்லை என்பது அதன் முடிவு.

7/
இப்போ கையெழுத்து விஷயத்துக்கு வருவோம்.

ஜான்சன் காங்கிரஸிடம் ஒரு தீர்மானம் கேட்டார். தாக்குதலைத் தடுக்கவும், அந்தப் பகுதியில் உதவி கேட்கும் நாடுகளுக்குத் துணை நிற்கவும், படைபலம் உட்பட அதிபர் தேவை என்று கருதும் எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கலாம் என்பது அதன் சாரம். தேதி கிடையாது. எண்ணிக்கை கிடையாது. எப்போது முடியும் என்பதையும் முக்கியமாக அதிபரே முடிவு செய்வார்.

சர்ஜரிக்கு முன்னாடி சம்மதப் படிவத்தில் என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்ற இடத்தை எல்லாம் காலியா விட்டுட்டு, கீழே கையெழுத்து மட்டும் வாங்கின மாதிரி.

1964 ஆகஸ்ட் 7. பிரதிநிதிகள் சபையில் 416-0. செனட்டில் 88-2.

8/
அந்த ரெண்டு பேர் யார்? ஓரிகன் மாநிலத்தின் வெய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங். ரெண்டு பேருமே ஜனநாயகக் கட்சி, அதாவது ஜான்சனின் சொந்தக் கட்சி. இருவரும் 1968 தேர்தலோடு பதவி இழந்தார்கள்.

விவாதத்தில் இன்னொருத்தரும் தயங்கினார். விஸ்கான்சினின் கேலார்ட் நெல்சன். போரை விரிவாக்குவது நோக்கமில்லை என்று ஒரு வரி சேர்க்கலாமே என்று கேட்டார். தீர்மானத்தை நடத்திக்கொண்டிருந்த வில்லியம் ஃபுல்பிரைட், அதிபரின் எண்ணமும் அதுதான், தனியா எழுதத் தேவையில்லை என்று சமாதானம் சொல்லிவிட்டார். அந்த வரி சேர்க்கப்படவில்லை.

9/
ஃபுல்பிரைட் முட்டாள் இல்லை. செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர். அப்புறம் ஏன் இப்படி?

காலண்டரைப் பாருங்க. நவம்பரில் அதிபர் தேர்தல். எதிரில் நிற்பவர் குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டர், அதிரடிப் பேச்சுக்காரர். ஜான்சனைக் கேள்வி கேட்டால் கோல்ட்வாட்டருக்கு லாபம் என்ற கணக்கு ஃபுல்பிரைட்டுக்கு இருந்தது. ஜான்சன் நண்பர் வேறு. குடியரசுக் கட்சியினருக்கோ, கப்பல் தாக்கப்பட்டது என்று அதிபர் சொல்லும்போது எதிர்த்தால் தேசபக்தி இல்லாதவன் என்ற பெயர் வருமே என்ற பயம்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றுமை. உள்ளே பார்த்தால் ஒருத்தருக்குக் கட்சி விசுவாசம், இன்னொருத்தருக்குப் பயம். எக்ஸ்ரேயைக் காட்டுன்னு கேட்க ஆள் இல்லை.

இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க. துருவமயமாதல்தான் நோய், ஒற்றுமைதான் மருந்து என்று நினைப்பவர்களுக்கு 416-0 ஒரு பாடம்.

10/
அந்தக் காலிப் படிவத்தின் விலை என்ன?

1964 முடிவில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் சுமார் 23,000 பேர். 1968 முடிவில் 5,30,000-க்கும் மேல். அந்தப் போரில் இறந்த அமெரிக்கர்கள் 58,000-க்கும் அதிகம். வியட்நாம் அரசு 1995-ல் வெளியிட்ட கணக்குப்படி, இரு பக்கமும் சேர்த்து இறந்த பொதுமக்கள் மட்டும் சுமார் 20 லட்சம்.

1967-ல் செனட்டில் கேள்வி எழுந்தபோது அரசுத் தரப்பு சொன்ன பதில்: அந்தத் தீர்மானமே நடைமுறையில் போர்ப் பிரகடனத்துக்குச் சமம்.

ஃபுல்பிரைட் 1966-லிருந்து விசாரணைகள் நடத்தினார், தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. 1971 ஜனவரியில் தீர்மானம் ரத்தானது. போர் நிற்கவில்லை. தளபதி என்ற முறையில் எனக்கே அதிகாரம் இருக்கு என்று அடுத்த அதிபர் நிக்சன் தொடர்ந்தார்.

11/
நிக்சன் இன்னும் ஒரு படி மேலே போனார்.

1969 மார்ச் முதல் 1970 மே வரை கம்போடியா மேல் ரகசியமாகக் குண்டு வீசப்பட்டது. பி-52 விமானங்கள் 3,600 தடவைக்கும் மேல் பறந்தன. நடுநிலை நாடு. காங்கிரஸில் ஒரு சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது. ராணுவத்தின் வழக்கமான பதிவேட்டிலேயே, குண்டு விழுந்தது தெற்கு வியட்நாமில் என்று பொய்யாக எழுதினார்கள்.

இதை உடைத்தவர் ஹால் நைட் என்ற மேஜர். ரேடார் நிலையத்தில் உண்மையான இலக்குக் காகிதங்களை எரித்துவிட்டுப் பொய்க் கணக்கு எழுதுவது அவருக்கு இடப்பட்ட வேலை. 1973-ல் செனட்டுக்கு எழுதி, நேரில் வந்து சாட்சியும் சொன்னார்.

ரெக்கார்டைத் திருத்தினால் என்ன ஆகும்னு மருத்துவமனையில் வேலை பார்க்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அடுத்த டூட்டியில் வருபவர், இல்லாத ஒரு நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பார்.

12/
இந்த இடத்தில்தான் அமெரிக்கக் காங்கிரஸ் தன் வரலாற்றின் நல்ல காரியங்களில் ஒன்றைச் செய்தது. 1973, போர் அதிகாரங்கள் தீர்மானம். தீர்மானம்னு பேர், ஆனா சட்டம்.

சாரம் மூன்று:

ஒன்று, படையைச் சண்டைக்கு அனுப்பினால் அதிபர் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்கு எழுத்துபூர்வமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு, காங்கிரஸ் அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். படையைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர இன்னும் 30 நாள்.

மூன்று, அதற்கு முன்பே ரெண்டு அவையும் சாதாரணப் பெரும்பான்மையில் "நிறுத்து" என்று சொன்னால் நிறுத்தியாக வேண்டும். அதிபர் கையெழுத்து தேவையில்லை.

13/
அவசரம் வந்தா என்ன பண்றது, சபை கூடி விவாதிக்கும் வரை ஏவுகணை காத்திருக்குமான்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி.

சட்டம் அதைத் தடுக்கவில்லை. நாடு தாக்கப்பட்டால் அதிபர் உடனே செயல்படலாம். எமர்ஜென்சியில் கன்சென்ட்டுக்காகக் காத்திருக்க மாட்டோம் இல்லையா, உயிரைக் காப்பாத்திட்டு அப்புறம் சொந்தக்காரங்ககிட்ட பேசுவோம். ஆனா எமர்ஜென்சின்னு சொல்லி ஆரம்பிச்ச வைத்தியத்தை யாரையும் கேட்காம ரெண்டு வருஷம் நடத்த முடியாது.

எதிர்ப்பு மறுபக்கமும் வந்தது. இந்த யோசனைக்கு உழைத்தவர்களில் ஒருவரான செனட்டர் தாமஸ் ஈகிள்டனே கடைசி வடிவத்தை எதிர்த்து வாக்களித்தார். அதிபருக்கு 60, 90 நாள் இலவசமாகக் கொடுக்கிறீர்கள் என்பது அவர் வாதம். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அவர் பயந்ததில் அர்த்தம் இருந்தது.

14/
1973 அக்டோபர் 24. நிக்சன் சட்டத்தை வீட்டோ செய்தார். வீட்டோவை முறியடிக்க ரெண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

நவம்பர் 7. பிரதிநிதிகள் சபை 284-135. செனட் 75-18. வீட்டோ முறிந்தது.

இந்த எண்களைவிட முக்கியம், அந்த வாக்குகள் எங்கிருந்து வந்தன என்பது. செனட்டில் சட்டத்தை முன்னெடுத்தவர் நியூயார்க்கின் ஜேக்கப் ஜாவிட்ஸ். குடியரசுக் கட்சி. நிக்சனின் சொந்தக் கட்சி. பிரதிநிதிகள் சபையில் நிக்சனுக்கு எதிராக வாக்களித்த குடியரசுக் கட்சியினர் மட்டும் 80 பேருக்கு மேல்.

15/
இது எப்படி முடிந்தது? ரெண்டு காரணம்.

ஒன்று, நிக்சன் அப்போது பலவீனமாக இருந்தார். வாட்டர்கேட் ஊழல் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. வீட்டோவுக்கு நாலு நாள் முன்னால்தான் தன்னை விசாரித்த சிறப்பு வழக்கறிஞரை நீக்க வைத்திருந்தார். விழுந்துகொண்டிருக்கும் மரத்தில் சாய யாரும் விரும்பவில்லை. இதை மறைக்கக் கூடாது.

இரண்டாவது காரணம் அதைவிட ஆழமானது. அன்று கட்சிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. ஜனநாயகக் கட்சியில் போரை ஆதரித்த தெற்கத்தியப் பழமைவாதிகள் இருந்தார்கள். குடியரசுக் கட்சியில் போரை எதிர்த்த மார்க் ஹாட்ஃபீல்டு மாதிரி ஆட்கள் இருந்தார்கள். வியட்நாமுக்கும் கம்போடியாவுக்கும் போன பணத்தை அறுத்த சட்டத் திருத்தங்களின் பெயரே கூப்பர்-சர்ச், கேஸ்-சர்ச். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தர் குடியரசுக் கட்சி, ஒருத்தர் ஜனநாயகக் கட்சி.

போர் பற்றின கேள்விக்கும் கட்சி பற்றின கேள்விக்கும் பதில் வேற வேறயா இருந்த காலம் அது.

16/
அடுத்தது கொஞ்சம் விசித்திரமான திருப்பம்.

கென்யாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த ஜக்தீஷ் ராய் சத்தா, அமெரிக்காவில் படிக்கப் போனவர். விசா முடிந்த பிறகு அவரை நாடு கடத்தாமல் இருக்கக் குடியேற்றத் துறை முடிவெடுத்தது. பிரதிநிதிகள் சபை தனியாக ஒரு தீர்மானம் போட்டு அந்த முடிவை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1983-ல் தீர்ப்பு வந்தது. சட்டத்துக்குச் சமமான விளைவை உண்டாக்கும் எதையும் காங்கிரஸ் அதிபருக்கு அனுப்பாமல் செய்ய முடியாது.

சத்தா ஜெயிச்சார். நல்லது. ஆனால் அதே கத்தி போர்ச் சட்டத்தின் மூன்றாவது அம்சத்தையும் அறுத்துவிட்டது. அதிபர் கையெழுத்து இல்லாமல் "நிறுத்து" என்று சொல்லும் வழியும் அதே மாதிரி ஏற்பாடுதான்.

17/
கணக்கைப் பாருங்க, இழையின் மையமே இதுதான்.

1973 சட்டப்படி போரை நிறுத்த செனட்டில் 51 வாக்கு போதும், பிரதிநிதிகள் சபையில் 218 போதும்.

1983-க்குப் பிறகு? "நிறுத்து" என்று தீர்மானம் போட்டால் அது அதிபர் மேஜைக்குப் போகும். போரை ஆரம்பித்தவரே அவர்தான், வீட்டோ செய்வார். முறியடிக்க 67 செனட்டர்கள், 290 பிரதிநிதிகள் வேண்டும்.

திருப்பிச் சொன்னால், போரை நடத்த அதிபருக்குச் செனட்டில் 34 பேர் துணை இருந்தால் போதும். போர் தொடங்க சபையின் சம்மதம் வேண்டும் என்ற சாசனம், போரை நிறுத்த சபையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று தலைகீழாக மாறிவிட்டது.

கட்சிகள் கலந்து கிடந்த காலத்தில் 67 கஷ்டம், ஆனா முடியும். நிக்சனுக்கு எதிராக 75 கிடைத்ததே. கட்சிகள் ரெண்டு துருவமாகப் பிரிந்த பிறகு, எந்த அதிபருக்கும் தன் கட்சியிலேயே 34 பேர் எப்பவும் ரெடி.

18/
நடைமுறையில் எப்படி ஆனது என்று வரிசையாகப் பார்ப்போம்.

1999, கொசோவோ. கிளின்டன் மார்ச் 24-ல் குண்டுவீச்சைத் தொடங்கினார். ஏப்ரல் 28-ல் பிரதிநிதிகள் சபை ஒரே நாளில் பல வாக்கெடுப்பு நடத்தியது. போர்ப் பிரகடனம் செய்யலாமா? வேண்டாம், 427-2. படையைத் திரும்ப அழைக்கலாமா? வேண்டாம், 290-139. விமானத் தாக்குதலை ஆதரிக்கலாமா? 213-213, சமன், தோல்வி.

போர்னு சொல்ல மாட்டோம், நிறுத்தச் சொல்லவும் மாட்டோம், ஆதரிக்கவும் மாட்டோம். கேஸ் ஷீட்டில் "கவனிக்கவும்" என்று எழுதிவிட்டுப் போவது மாதிரி. குண்டுவீச்சு 78 நாள் நடந்தது, 60 நாள் கெடு தாண்டி. ஆதரவு வாக்குகளில் பெரும்பாலானவை அதிபரின் கட்சி, எதிர்ப்பில் பெரும்பாலானவை எதிர்க்கட்சி.

19/
2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு மறுபடியும் 1964 திரும்பி வந்தது.

தாக்குதலில் தொடர்புள்ளவர்கள் என்று அதிபர் தீர்மானிக்கும் நாடுகள், அமைப்புகள், நபர்கள் மீது படைபலம் பயன்படுத்தலாம். அனுமதியின் முக்கிய வாக்கியம் ஆங்கிலத்தில் 60 சொற்கள். முடிவு தேதி இல்லை. செனட் 98-0. பிரதிநிதிகள் சபை 420-1.

அந்த ஒருத்தர் கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. கொலை மிரட்டல்கள் வந்து போலீஸ் பாதுகாப்பு கொடுக்க வேண்டியதாயிற்று.

13 வருஷம் கழித்து 2014-ல் ஐஎஸ் அமைப்புக்கு எதிராக ஒபாமா அரசு காட்டிய அனுமதிகளில் ஒன்று இதே 60 சொற்கள்தான். ஐஎஸ் என்ற பெயரில் ஒரு அமைப்பே 2001-ல் கிடையாது. பழைய மருந்துச் சீட்டை எடுத்துட்டு வந்து புது நோய்க்கு மாத்திரை வாங்கின கதை.

20/
2011, லிபியா. இப்போது ஒபாமா.

வேட்பாளராக இருந்தபோது 2007-ல், நாட்டுக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அதிபர் தன்னிச்சையாகத் தாக்குதல் நடத்த முடியாது என்று தெளிவாகச் சொன்னவர் அவர்.

மார்ச் 19-ல் தாக்குதல் தொடங்கியது. மே மாதம் 60 நாள் கெடு முடிந்தது. அரசு சொன்ன விளக்கம்: நம் படையினர் தரையில் இல்லை, ஆபத்து குறைவு, எனவே இது சட்டம் சொல்லும் "சண்டை" வகையில் வராது. அவருடைய நிர்வாகத்தின் மூத்த சட்ட அதிகாரிகள் சிலரே இதை ஏற்கவில்லை. அதிபர் தனக்குச் சாதகமான கருத்தை எடுத்துக்கொண்டார்.

ஜூன் 24. பிரதிநிதிகள் சபை அனுமதி தர மறுத்தது, 123-295. அதே நாள் பணத்தை நிறுத்தவும் மறுத்தது, 180-238. புஷ் காலத்தில் அதிபர் அதிகாரத்தை எதிர்த்துப் பேசிய ஜனநாயகக் கட்சியினர் பலர் இப்போது அமைதி. அன்று ஆதரித்த குடியரசுக் கட்சியினர் பலருக்கு இப்போது சாசனம் ஞாபகம் வந்தது.

21/
சபை மட்டும்தான் இப்படியா? மக்கள்?

2013-ல் சிரியாவில் ரசாயனத் தாக்குதல் நடந்தபோது பதிலடி கொடுக்க ஒபாமா காங்கிரஸிடம் அனுமதி கேட்டார். அனுமதி வாங்காமல் தாக்கக் கூடாது என்று அப்போது ட்விட்டரில் எழுதியவர்களில் டொனால்ட் டிரம்ப்பும் ஒருவர். 2017-ல் அதே சிரியாவில் மறுபடி ரசாயனத் தாக்குதல். அதிபர் டிரம்ப், காங்கிரஸிடம் கேட்காமல் 59 ஏவுகணைகளை ஏவினார்.

வாஷிங்டன் போஸ்ட்-ஏபிசி கருத்துக்கணிப்பு ரெண்டு தடவையும் மக்களைக் கேட்டது. குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் தாக்குதலை ஆதரித்தவர்கள் 2013-ல் 22 சதவீதம். 2017-ல் 86 சதவீதம். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 38, பிறகு 37.

அந்த ஒரு கணிப்பை வைத்து ஒரு கட்சி நல்லது, இன்னொன்று கெட்டது என்று முடிவு கட்டாதீங்க. முந்தின பதிவில் லிபியாவைப் பாருங்க. வியாதி ரெண்டு பக்கமும் இருக்கு, அறிகுறி வேறு வேறு நேரத்தில் வருது.

22/
கடைசி ரெண்டு கேஸ்.

ஏமன் போரில் சவூதி கூட்டணிக்குக் கொடுக்கும் ராணுவ உதவியை நிறுத்தச் சொல்லி 2019-ல் தீர்மானம். செனட் 54-46, அதில் குடியரசுக் கட்சியினர் 7 பேர். பிரதிநிதிகள் சபை 247-175. ரெண்டு அவையிலும் பெரும்பான்மை. 1973 சட்டம் எழுதப்பட்டபடி இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டிரம்ப் வீட்டோ செய்தார். முறியடிக்கும் முயற்சியில் கிடைத்தது 53-45. 67 எட்டாத தூரம்.

2020 ஜனவரியில் ஈரான் தளபதி சுலைமானி பாக்தாத்தில் கொல்லப்பட்டார். ஈரான் மீது அனுமதியில்லாமல் போர் கூடாது என்று தீர்மானம். செனட் 55-45, குடியரசுக் கட்சியினர் 8 பேர். பிரதிநிதிகள் சபை 227-186. மறுபடி வீட்டோ. மறுபடி தோல்வி, 49-44.

ரெண்டு அவையும் வேண்டாம்னு சொல்லியும், ஒருத்தர் வேண்டும்னு சொன்னதே நின்றது.

23/
சரி, இந்த அரை நூற்றாண்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது என்ன?

அதிபர்கள் எல்லாரும் வில்லன்கள் இல்லை. அதிகாரம் கையில் இருக்கும்போது அவசரம் பெரிதாகத் தெரியும், கேள்வி கேட்பவன் தொல்லையாகத் தெரிவான். இது மனித இயல்பு. அதனால்தான் ஆபரேஷன் தியேட்டரில் கத்தி வைக்கும் முன்னாடி சரியான நோயாளியா, சரியான பக்கமா என்று எல்லாரும் நின்று சத்தமாகச் சொல்லும் முறை வந்தது. சர்ஜன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் "சார், ஒரு நிமிஷம்" என்று செவிலியர் நிறுத்தலாம்.

அந்தப் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. "ஒரு நிமிஷம்" என்று சொல்பவர், தன் யூனிட் சர்ஜனைப் பார்த்தும் அதைச் சொல்ல வேண்டும். பக்கத்து யூனிட் சர்ஜனை மட்டும் நிறுத்தினால் அது பாதுகாப்பு இல்லை, பகை.

24/
1964-ல் யாரும் கேட்கவில்லை. இன்று பாதிப் பேர் கேட்கிறார்கள், ஆனால் அடுத்த கட்சி அதிபரிடம் மட்டும். அதிபருக்கு ரெண்டுமே வசதிதான். எதிர்க்கட்சியின் கேள்வியை "அவங்க அப்படித்தான் சொல்வாங்க" என்று தள்ளிவிடலாம். சொந்தக் கட்சிக்காரர் கேட்டால் தள்ள முடியாது. மோர்ஸ், குரூனிங், ஜாவிட்ஸ் ஆகியோரின் வாக்குக்கு எடை வந்தது அதனால்தான்.

போர்ச் சட்டத்தின் பூட்டு 1983-ல் உடைந்தது உண்மை. ஆனால் 1973-ல் வீட்டோவை முறித்ததும் மூன்றில் இரண்டு பங்குதான். அதே 67 இன்றைக்கும் சட்டத்தில் இருக்கிறது. அதைக் கொடுக்கும் மாதிரி சபைதான் இல்லை. தன் கட்சித் தலைவரை எதிர்த்தால் அடுத்த உள்கட்சித் தேர்தலில் சீட்டு போய்விடும் என்ற பயத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் எந்தச் சட்டத்தைக் கொடுத்தும் பயனில்லை.

25/
அடுத்த முறை எந்த நாட்டிலாவது "தேசப் பாதுகாப்பு, கேள்வி கேட்கும் நேரம் இதில்லை" என்று யாராவது சொன்னால், ஒரு சின்ன பரிசோதனை செய்து பாருங்க.

செய்தியில் தலைவரின் பெயரை மட்டும் அழித்துவிட்டு, உங்களுக்குப் பிடிக்காத தலைவரின் பெயரை எழுதுங்க. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அதே ஆதாரம், அதே அவசரம், அதே ரகசியம். இப்போதும் உங்கள் பதில் மாறவில்லை என்றால் நீங்கள் போரைப் பற்றி யோசிக்கிறீர்கள். மாறினால் நீங்கள் யோசித்தது கட்சியைப் பற்றி.

ஆகஸ்ட் 4 இரவு ஹெரிக் கேட்டது பெரிய விஷயம் எதுவும் இல்லை. முழுசா சரிபார்த்துட்டு அடுத்த அடி எடுத்து வையுங்க என்றார், அவ்வளவுதான். அதைச் சபையில் திருப்பிக் கேட்க அன்று 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கேட்டது ரெண்டு பேர்.

மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா எழுதுங்க. டூட்டி முடிச்சுட்டு வந்து பதில் போடறேன்.